ஏற்காட்டு மூடுபனியில் பார்பெல்லைத் துரு பிடிக்காமல் காப்பது

சேலத்து வெயிலில் மாசக்கணக்கில் தாங்கும் பளுதூக்கும் கம்பி (பார்பெல், சுருக்கமாகப் பார்), ஏற்காட்டில் ஒரே மழைக்காலத்தில் சிவந்துவிடும். காரணம் பனி மட்டுமல்ல. கைப்பிடிச் சொரசொரப்பின் பள்ளங்களில் அடைந்த, பிடி வழுக்காமலிருக்கக் கையில் பூசும் மெக்னீசியம் கார்பனேட் பவுடர், வியர்வை உப்போடு சேர்ந்து ஈரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

ஆண்கள் பார் 20 கிலோ, 28 மி.மீ. தடிமன், பெண்கள் பார் 15 கிலோ, 25 மி.மீ. இரண்டுக்கும் பராமரிப்பு ஒன்றுதான். பயிற்சி முடிந்த கையோடு நைலான் பிரஷால் தேய்த்துப் பவுடரை முழுக்க உதிர்த்துவிடுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், முலாம் உரிந்துபோகும். பிறகு தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு துணியில் விட்டுத் தடவி, பத்து நிமிஷம் கழித்து உலர்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். மிச்சம் இருந்தால் பிடி வழுக்கும். தேங்காய் எண்ணெய் பிசுக்காகிவிடும்.

தட்டு மாட்டும் உருளையைக் கையால் சுண்டிப் பாருங்கள். தடங்கலில்லாமல் சுழல வேண்டும். இறுகியிருந்தால், கிளீனில் (பாரைத் தரையிலிருந்து தோளுக்குத் தூக்கும் முறை) முழங்கையைத் திருப்பும்போது தட்டுகளின் சுழற்சி பாருக்கு ஏறி மணிக்கட்டை முறுக்கும். உருளையின் உள் விளிம்பு இடுக்கில் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுச் சுழற்றுங்கள். பாரைச் செங்குத்தாகச் சாத்தி வைக்காதீர்கள், உள்ளே விட்ட எண்ணெய் வடிந்துவிடும்.