ஒரு மவுஸ், ஒரு மணி நேரம்: ஹியூமானிட்டேரியன் மேப்பிங் எப்படி ஆரம்பிக்கிறது

ஆறு வருஷம் வேலைக்குப் போகாம வீட்லயே இருந்தேன், அப்புறம் ஒரு ஜூம் மீட்டிங்ல மைக் ஆன் பண்றதுக்கே கை நடுங்கும். அப்படிப்பட்ட எனக்கே இந்த ஹியூமானிட்டேரியன் மேப்பிங், அதாவது உதவி தேவைப்படுற ஊர்களுக்கு வீட்லேர்ந்தே சாட்டிலைட் படம் பாத்து மேப் வரையுறது, செட் ஆச்சுங்க, அதான் எழுதுறேன்.

2010ல ஹைட்டில பூகம்பம் வந்தப்போ போர்ட்-ஓ-பிரின்ஸ் ஊருக்கு உருப்படியா ஒரு மேப் இல்ல. எங்கெங்கயோ இருந்த வாலண்டியர்ஸ் சாட்டிலைட் படத்தைப் பாத்து தெருத்தெருவா வரைஞ்சு குடுத்தாங்க, மீட்புக்குப் போனவங்க அதை வச்சு வேலை பாத்தாங்க. அதுலேர்ந்து உருவானதுதான் ஹாட் (HOT, ஹியூமானிட்டேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டீம்). 2014ல அவங்களும் செஞ்சிலுவைச் சங்கமும் எம்எஸ்எஃப்ங்கற மருத்துவ உதவி அமைப்பும் சேந்து மிஸ்ஸிங் மேப்ஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, ஆபத்து வர்றதுக்கு முன்னாடியே வரைஞ்சு வச்சிடலாம்னு. ஒரு கிராமத்துல எத்தனை வீடுன்னு தெரியாம தடுப்பூசி எத்தனை எடுத்துட்டுப் போறது, சொல்லுங்க?

முதல்ல ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல, அதாவது யார் வேணா வரையக்கூடிய இலவச உலக மேப்ல, ஒரு அக்கவுண்ட் போடுங்க. சொந்தப் பேர் வேணாம், நீங்க பண்ற எடிட் எல்லாம் அந்தப் பேர்ல எல்லாருக்கும் தெரியும்.

அடுத்து அதே அக்கவுண்ட்டை வச்சு ஹாட் டாஸ்கிங் மேனேஜர்ங்கற, மேப் வேலையைப் பிரிச்சுக் குடுக்குற வெப்சைட்ல லாகின் பண்ணி, புதுசா வர்றவங்களுக்குன்னு இருக்குற ப்ராஜெக்ட்டா, கட்டடம் மட்டும் கேக்குறதா ஒண்ணு எடுங்க. இன்ஸ்ட்ரக்‌ஷனை முழுசா படிங்க (நான் படிக்கல, அந்தக் கதை கீழ வருது). ஊரைக் கட்டம் கட்டமாப் பிரிச்சிருப்பாங்க. ஒரு கட்டம் எடுத்தா ரெண்டு மணி நேரம் அது உங்களுக்கு மட்டும்தான், முடியலன்னா பாதில விட்டுட்டு வரலாம், யாரும் திட்ட மாட்டாங்க.

இப்ப வரையுறது. பிரவுசர்லயே ஐடி (iD) எடிட்டர்னு வரையுற டூல் ஒண்ணு தொறக்கும். கீபோர்டுல 3 அழுத்துங்க, வீட்டோட ஒவ்வொரு மூலையிலயும் கிளிக், கடைசில டபுள் கிளிக், லிஸ்ட்ல கட்டடம்னு செலக்ட் பண்ணுங்க. கோணல்மாணலா வந்திருக்கும், கவலையே வேணாம், க்யூ கீயைத் தட்டினா மூலையெல்லாம் நேராயிடும். வட்டக் குடிசைன்னா ஓ கீ. படம் சாய்வா எடுத்திருந்தா கூரை ஒரு பக்கம் தள்ளி நிக்கும், அதனால கூரையை வரைஞ்சிட்டு அப்படியே இழுத்து சுவர் தரையைத் தொடுற இடத்துல வைங்க. பத்து வீடு போட்டதும் ஒரு தடவை சேவ் பண்ணிடுங்க, எங்க வீட்ல கரண்ட் போய் அம்பது வீடு போன வயித்தெரிச்சல் இன்னும் இருக்கு.

கட்டம் முடிஞ்சா டாஸ்கிங் மேனேஜருக்குத் திரும்பி வந்து முடிஞ்சிடுச்சுன்னு குடுக்கணும். அப்புறம் வேலிடேட்டர்னு ஒருத்தர் செக் பண்ணுவார்.

என் முதல் கட்டம் ஆப்பிரிக்கால இருக்குற மலாவி நாட்டுல ஒரு கிராமம். இருபது வட்டக் குடிசை போட்டு பெருமையா அனுப்பினேன், ரெண்டு நாள்ல திரும்பி வந்துச்சு, அதுல ஏழு மரமாம்! ஒரு வாரம் அந்தப் பக்கமே போகல. அப்புறம் மனசைத் தேத்திக்கிட்டு, எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்கன்னு என் ஓட்டை இங்கிலீஷ்ல கேட்டேன். நிழலைப் பாருங்க, குடிசை நிழலோட ஓரம் சுத்தமா இருக்கும், மரத்தோடது பிஞ்ச மாதிரி இருக்கும்னு படம் போட்டுக் காட்டினாங்க, கூடவே மீதி பதிமூணும் சூப்பர்னும் சொன்னாங்க. வேலையை விட்டதுக்கப்புறம் முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட நானா போய் டவுட் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாலஞ்சு கட்டம் முடிச்சதும் பக்கத்துல மேப்பத்தான் எங்கயாவது நடக்குதான்னு பாத்துப் போங்க, ஒரே ரூம்ல எல்லாரும் சேந்து மேப் பண்றதுதான். வாயே தொறக்க வேண்டாம், எல்லார் கண்ணும் ஸ்க்ரீன்லதான் இருக்கும். நான் போனப்போ பக்கத்துல இருந்த காலேஜ் பொண்ணு, அக்கா இது வீடா மரமான்னு கேட்டா. நிழலைப் பாரும்மான்னேன். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பேச்சுதான்.

மவுஸ் எடுத்துட்டுப் போங்க, டச்பேட்ல நாலு வீடு வரையுறதுக்குள்ள விரல் செத்துடும்.