காசைச் சுருக்கும் காந்தவிசை: அதே இயற்பியலை மேசைமேல் காட்ட ஒரு துள்ளும் வளையம்

தடித்த செம்புக் கம்பியைப் பத்துச் சுற்று சுற்றிக் காயிலாக்கி, நடுவில் ஒரு காசை வைத்து, பெரிய கெப்பாசிட்டர்களில் சேர்த்து வைத்த மின்சாரத்தை ஒரே வீச்சில் கம்பிக்குள் விட்டால் காசு சுருங்கிவிடும். விட்டம் குறையும், தடிமன் கூடும், எடை அப்படியே இருக்கும். மேலே அச்சான எழுத்தும் சின்னமும் சேர்ந்தே சிறுத்திருக்கும். காசை யாரும் தொடுவதில்லை. காயிலில் ஓடும் மின்னோட்டம் காசின் விளிம்பில் எதிர்த்திசையில் ஒரு மின்னோட்டத்தை எழுப்புகிறது. எதிரெதிர் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பதால் காசு உள்ளே ஒடுங்குகிறது, காயில் வெளியே வெடித்துச் சிதறுகிறது.

இதை வீட்டிலோ பள்ளியிலோ செய்ய வேண்டாம். 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை 12,000 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதில் 7,200 ஜூல் நிற்கும். 25 மைக்ரோ விநாடியில் அது காலியானால் அந்தக் கணத்துத் திறன் ஏறக்குறைய 300 மெகாவாட். கை பட்டால் ஆள் பிழைப்பது அரிது. அணைத்துவிட்டோம், ஷார்ட் செய்துவிட்டோம் என்று நினைத்த கெப்பாசிட்டரிலும் உள்ளே இருக்கும் மின்காப்புப் பொருள் பிடித்துவைத்த மின்னூட்டம் மெல்லத் திரும்பி வந்து நிற்கும். சிதறும் செம்புத் துண்டுகளைத் தடுக்கத் தடித்த இரும்புப் பெட்டி வேண்டும். போதாததற்கு, காசை உருக்குவதையும் அழிப்பதையும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தடுக்கிறது.

ஆனால் இதன் இயற்பியலை முழுதாகக் காட்ட இரண்டரை ஆம்பியர் போதும். அதற்கான கருவிதான் துள்ளும் வளையம்: நடுவில் இரும்புத் தண்டு வைத்த காயிலுக்கு மின்சாரம் கொடுத்ததும், தண்டில் மாட்டிய அலுமினிய வளையம் மேலே துள்ளும். வேலூர் மாவட்டத்தில் இதைச் செய்வது எளிது. போர்வெல் ஆழமாகிக்கொண்டே போகும் ஊர்களில் மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் பஞ்சமில்லை. அணைக்கட்டு, கணியம்பாடி, குடியாத்தம் பக்கம் எந்த ரீவைண்டிங் கடையிலும் கீழே சொல்லும் சாமான்களில் பாதி கிடைக்கும், சுற்றித் தரும் ஆளும் அங்கேயே இருப்பார்.

எது தள்ளுகிறது, எது வெறுமனே சூடாகிறது

சுற்றத் தொடங்கும் முன் இதைப் புரிந்துகொண்டால் பிறகு எந்தக் கோளாறையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். மாறும் காந்தப்புலத்தில் வைத்த உலோக வளையத்தில் மின்னழுத்தம் எழும், மின்னோட்டம் ஓடும். அந்த மின்னோட்டம் காந்தப்புலத்தோடு எந்த நேரத்தில் சந்திக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வளையத்துக்கு மின்தடை மட்டும்தான் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது காந்தப்புலம் உச்சத்தில் இருக்கும்போது மின்னோட்டம் சுழியாக இருக்கும். கால் சுழற்சி தள்ளும், அடுத்த கால் சுழற்சி இழுக்கும், கூட்டிப் பார்த்தால் ஒன்றுமில்லை. வளையம் சூடாகும், உறுமும், நகராது. தூண்டலும் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் வளையத்தின் குணம்) சேரும்போதுதான் மின்னோட்டம் பின்தங்கி, தள்ளும் நேரம் இழுக்கும் நேரத்தைவிடக் கூடுகிறது. எவ்வளவு பின்தங்கும் என்பதைத் தூண்டல் எதிர்ப்புக்கும் மின்தடைக்கும் உள்ள விகிதம் முடிவு செய்கிறது. தூண்டல் எதிர்ப்பு அதிர்வெண்ணோடு ஏறும்.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். காசு சுருக்கும் வீச்சு 10,000 ஹெர்ட்ஸ் அளவில் அலைகிறது, இருநூறு மடங்கு வேகம். அதனால்தான் ஒரு சின்னக் காசுகூட அங்கே எதிர்த்துத் தள்ளுகிறது. அதே செம்புக் காசை 50 ஹெர்ட்ஸில் வைத்தால் சூடாவதோடு சரி. மின்னோட்டம் புகும் ஆழமும் இப்படியே மாறும்: செம்பில் 50 ஹெர்ட்ஸுக்கு 9.3 மி.மீ., 10,000 ஹெர்ட்ஸுக்கு 0.66 மி.மீ. வேகமான வீச்சில் காந்தப்புலம் காசுக்குள் புகுவதற்கே நேரம் கிடைப்பதில்லை, விளிம்போடு நின்று அழுத்துகிறது.

அழுத்தம் காந்தப்புலத்தின் இருமடிக்கு ஏற்றபடி கூடும். 0.1 டெஸ்லாவுக்கு 4,000 பாஸ்கல். 30 டெஸ்லாவுக்கு 35 கோடி பாஸ்கலுக்கு மேல். பதமாக்கிய செம்பு ஏழு கோடி பாஸ்கல் அளவிலேயே நெளியத் தொடங்கிவிடும்.

சாமான்கள்

நடுத்தண்டுக்குக் கட்டடத்தில் கம்பி கட்டும் 20 கேஜ் கட்டுக்கம்பி, ஒன்றரை கிலோ. காயிலுக்கு 20 எஸ்.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிமனைக் குறிக்கும் எண்) எனாமல் செம்புக்கம்பி, ஒன்றரை கிலோ (சுற்றில் போவது 1.3 கிலோ அளவு). வெளிவிட்டம் 32 மி.மீ. உள்ள பி.வி.சி. குழாய் 30 செ.மீ., உள்விட்டம் 28 வருவதாகப் பார்த்து வாங்குங்கள். பாபின் (காயில் சுற்றும் உருளை) பக்கத் தட்டுகளுக்கு 3 மி.மீ. ஹைலம் ஷீட்டில் (மின்காப்புத் தகடு) 80 மி.மீ. வட்டம் இரண்டு. இன்சுலேஷன் பேப்பர், ஸ்லீவ், ரீவைண்டிங் வார்னிஷ். வளையத்துக்கு வெளிவிட்டம் 40, சுவர் 2.5 மி.மீ. உள்ள அலுமினியக் குழாய்த் துண்டு. 6 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் துண்டிப்பது), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் துண்டிப்பது), 9 ஆம்பியர் கான்டாக்டர் (சிறு காயிலால் இயங்கும் சுவிட்ச்), காலிங்பெல் பட்டன், மூன்று பின் பிளக். அடிப்பலகைக்கு பிளைவுட்; இரும்பு மேசை ஆகாது.

நடுத்தண்டு

டி.எம்.டி. கம்பியையோ பழைய மோட்டார் ஷாஃப்ட்டையோ அப்படியே செருக ஆசை வரும். செய்யாதீர்கள். கட்டியான இரும்பில் சுழல் மின்னோட்டம் ஓடித் தண்டே சூடாகும், புலம் வலுவிழக்கும். மெல்லிய கம்பிகளைக் கட்டாகச் சேர்ப்பது அதற்காகத்தான்.

கட்டுக்கம்பியைப் பத்தடி நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை வைஸில் பிடித்து, மறு முனையை டிரில் சக்கில் மாட்டி, இழுத்துக்கொண்டே மெதுவாக முறுக்கினால் நேராகிவிடும். 30 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். துண்டுகளை மெல்லிய வார்னிஷில் தோய்த்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு குழாய்க்குள் கைகொண்ட மட்டும் நிரப்புங்கள். கடைசி இருபது முப்பது துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுத்தியால் தட்டித்தான் இறக்க வேண்டியிருக்கும். அந்த இறுக்கம் வேண்டும், தளர்வாக இருந்தால் காது கூசும் அளவுக்கு 100 ஹெர்ட்ஸில் உறுமும். நன்றாக நிரப்பினால் குழாயின் உள்பரப்பில் எண்பது சதவீதம் இரும்பு இருக்கும்.

வெளியே இறுக்கிப் பிடிக்க ஹோஸ் கிளிப் போடுவது பலர் செய்யும் தவறு. தண்டைச் சுற்றி மூடிய எந்த உலோக வளையமும் ஷார்ட் ஆன ஒரு சுற்று, சூடாகி பி.வி.சி.யை உருக்கும். நைலான் டை போடுங்கள். ஏதாவது ஒரு முனையில் மட்டும் நாலைந்து கம்பிகளின் வார்னிஷைச் சுரண்டி, லக் வைத்து எர்த்து வயர் எடுத்துவிடுங்கள்.

எத்தனை சுற்று

230 வோல்ட்டை 4.44 என்ற மாறிலி, அதிர்வெண் 50, காந்தப்பாய அடர்த்தி (இரும்புக்குள் எழும் காந்தப்புலத்தின் அளவு) 1.5 டெஸ்லா, இரும்பின் நிகரப் பரப்பு ஆகிய நான்கின் பெருக்கலால் வகுத்தால் சுற்று எண்ணிக்கை வரும். 28 மி.மீ. வட்டத்தின் பரப்பு 6.16 சதுர செ.மீ., அதில் எண்பது சதவீதம் 4.9. விடை 1,409. ஆகவே 1,400 சுற்று. உங்கள் குழாயின் உள்விட்டம் மாறினால் இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள். சுற்று குறைந்தால் இரும்பு தெவிட்டி (இதற்கு மேல் காந்தமாக முடியாமல்) மின்னோட்டம் மளமளவென்று ஏறும்.

குழாயின் அடிப்பக்கம் 10 செ.மீ. இடைவெளியில் ஹைலம் தட்டுகளை ஒட்டுங்கள். ஒரு அடுக்குக்கு நூறு சுற்று, பதினான்கு அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே இன்சுலேஷன் பேப்பர் போட்டு, அதன் ஓரத்தை இரண்டு பக்கமும் 3 மி.மீ. மடித்து விடுங்கள். ஓரத்துச் சுற்று வழுக்கிக் கீழ் அடுக்கில் விழுவதுதான் இந்தக் காயில் எரிவதற்கு முதல் காரணம். முடிந்ததும் வார்னிஷ் ஊற்றி, குழாய் பி.வி.சி. என்பதால் அடுப்பில் சுடாமல், வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைக்கலாம். வேலூர் வெயிலுக்கு இதற்கு மேல் வேறு ஏற்பாடு தேவையில்லை. மின்தடை 5.5 முதல் 6 ஓம் வரை காட்டினால் சரி.

இணைப்பும் முதல் சோதனையும்

பிளக், ஆர்.சி.சி.பி., எம்.சி.பி., கான்டாக்டர், காயில் என்ற வரிசை. கான்டாக்டரின் சிறு காயிலைக் காலிங்பெல் பட்டன் இயக்கட்டும், பெரிய காயிலைப் பட்டனே நேராக இயக்கினால் விடும்போது தீப்பொறி பறந்து தொடுமுனை கருகும். இது 230 வோல்ட். வயர்மேன் ஒருவர் பார்த்து இணைப்பதே முறை. இணைக்கும் முன் காயிலுக்கும் எர்த்துக்கும் இடையே மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள்.

ஆய்வகத்தில் வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இருந்தால் அதில் தொடங்குங்கள். வளையத்தைக் குழாயில் போட்டுவிட்டு அழுத்தத்தை மெல்ல ஏற்றினால், ஓரிடத்தில் வளையம் எழும்பிக் குழாயைத் தொட்டும் தொடாமலும் மிதந்து நிற்கும். 230 வோல்ட்டைச் சட்டென்று கொடுத்தால் துள்ளும். பட்டனை ஒரு விநாடிக்கு மேல் அழுத்த வேண்டாம். டங் டெஸ்டரில் (வயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் மீட்டர்) இரண்டு முதல் மூன்று ஆம்பியர் காட்டும். தண்டுக்கு நேர் மேலே முகத்தை நீட்டக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அருகில் வர வேண்டாம்.

வளையத்தைக் கையால் அழுத்திப் பிடிக்காதீர்கள். காயிலில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 0.16 வோல்ட்தான், ஆனால் வளையத்தின் மின்தடை 70 மைக்ரோ ஓம் அளவு. பல நூறு ஆம்பியர் ஓடுகிறது. பத்துப் பதினைந்து விநாடியில் விரல் பொறுக்காது.

துள்ளவில்லை என்றால்

மின்னோட்டம் ஐந்து ஆம்பியரைத் தாண்டினால் உள்ளே சுற்று ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது தண்டில் இரும்பு போதவில்லை. மின்னோட்டம் சரியாக இருந்தும் வளையம் சோம்பினால் முதலில் லைன் வோல்ட்டைப் பாருங்கள். கோடையில் சுற்றிலும் பம்புசெட் ஓடும் நேரத்தில் 190தான் வரும் இடங்கள் உண்டு. விசை வோல்ட்டின் இருமடி என்பதால் 190இல் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். அதுவும் சரியென்றால் வளையத்தைப் பாருங்கள். பற்றவைத்த வளையமானால் இணைப்பு விரிந்திருக்கலாம்.

காசோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சில வளையங்கள்

ஒரே அளவில் பலவற்றைக் கடைந்து வாங்குங்கள். ஒன்றை ஹாக்சா பிளேடால் குறுக்கே அறுத்துவிடுங்கள். ஒரு மி.மீ. பிளவு போதும், அது அசையவே அசையாது. சுற்றி ஓட வழியில்லாமல் மின்னோட்டம் நின்றுவிட்டது.

செம்பு வளையம் அலுமினியத்தைவிட நன்றாக மின்சாரம் கடத்தும், ஆனால் மூன்று மடங்குக்கு மேல் கனம், ஆகவே தாழ்வாகவே எழும். பித்தளை இன்னும் தாழ்வு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மின்தடை செம்பைப்போல் நாற்பது மடங்குக்குப் பக்கம், அது எழாது. நம் ஒரு ரூபாய்க் காசு காந்தம் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காசு சுருக்கும் கருவியிலும் அந்த உலோகம் செம்பைப்போல் படியாமல் அடம்பிடிப்பதற்கு அந்த மின்தடையும் உலோகத்தின் கடினமும் காரணம்.

இரண்டு அலுமினிய வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எடை இரட்டிப்பாகிறது, இருந்தும் ஒற்றை வளையத்தைவிட உயரம் எழும். மின்தடை பாதியாகி, மின்னோட்டம் கூடுதலாகப் பின்தங்குகிறது. வளையத்தைக் குளிர்வித்தாலும் இதேதான். 40 டிகிரி அறையிலிருந்து ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்தால் மின்தடை பதினைந்து சதவீதம் குறையும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மாட்டுக்குச் சினை ஊசிக் குழல்களைக் காக்கும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. அதில் தோய்த்த அலுமினியம் இன்னும் மிக உயரத் துள்ளும். கையுறையும் கண்ணாடியும் இடுக்கியும், காற்றோட்டமான அறையும் இருந்தால் மட்டும் கல்லூரி ஆய்வகத்தில் செய்யலாம்.

வளையத்தை மேலே தூக்குவது தண்டின் நுனியை நோக்கி விரியும் புலத்தின் கிடைக்கூறு. நிமிர்ந்து நிற்கும் கூறு அதே நேரம் வளையத்தை உள்நோக்கி அழுத்துகிறது, காசைச் சுருக்குவதும் இந்தக் கூறுதான். நம் கருவியில் அந்த அழுத்தம் அலுமினியத்தை நெளிக்கப் பல்லாயிரம் மடங்கு குறைவு. நூறு முறை துள்ளிய வளையத்தை வெர்னியர் வைத்து அளந்தாலும் உள்விட்டம் 35 மி.மீ.தான் இருக்கும்.