40,000 ரூபாய்க்குள் 55 இன்ச் டிவி: டேப் பிடிப்பது முதல் சுவரில் மாட்டுவது வரை

ஹாலில் இருக்கும் பழைய 32 இன்ச் டிவியை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்க வேண்டும், ஆனால் பட்ஜெட் நாற்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது என்பவர்களுக்கான செய்முறை இது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. அதனால் இந்தப் பணத்துக்கு 55 இன்ச் 4கே டிவி தாராளமாகவே கிடைக்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்த விலையில்தான் உருப்படியானதும் மட்டமானதும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே மாதிரி ஜொலிக்கும். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

நாற்பதாயிரத்தையும் டிவிக்கே ஒதுக்க வேண்டாம். டிவிக்கு 33,000 முதல் 35,000 வரை வைத்துக்கொள்ளுங்கள். மீதி சவுண்ட்பார், வால் மவுண்ட், எச்டிஎம்ஐ கேபிள், திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் ஸ்பைக் கார்டு (spike guard) ஆகியவற்றுக்குப் போகும். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருக்கும். 20 வாட், 30 வாட் என்று எழுதியிருந்தாலும் மின்விசிறி ஓடும் ஹாலில் வசனம் தெளிவாகக் கேட்காது. நாலாயிரம் ஐயாயிரத்துக்கு வாங்கும் சாதாரண சவுண்ட்பாரே அந்தக் குறையைத் தீர்த்துவிடும்.

படி 1: கண்ணிலிருந்து சுவர் வரை அளந்துகொள்ளுங்கள்

அறையின் நீளம் இங்கே கணக்கில்லை. சோபாவில் உட்கார்ந்தால் கண் இருக்கும் இடத்திலிருந்து திரை வரும் இடம் வரை எவ்வளவு என்பதுதான் கணக்கு. திரையின் இன்ச் அளவை 1.6 ஆல் பெருக்கினால் வசதியான தூரம் இன்ச்சில் வந்துவிடும். 43க்கு சுமார் 5¾ அடி, 50க்கு 6¾, 55க்கு 7¼, 65க்கு 8¾ அடி. பத்தடி அகல ஹாலில் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் கண்ணுக்கும் திரைக்கும் எட்டடிதான் தேறும். 55 அதற்குச் சரியாகப் பொருந்தும். 4கே படமாக மட்டுமே பார்ப்பவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காரலாம், புள்ளி தெரியாது.

அடுத்து ஷோகேஸ். 55 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. படம் தெரியும் பகுதியின் அகலம் மட்டும் 121.8 செ.மீ., ஓரச் சட்டத்தோடு 123 வரை வரும். தச்சர் நாலடி இடைவெளி விட்டுச் செய்த ஷோகேஸின் உள்ளளவு 121.9 செ.மீ. ஒரு சென்டிமீட்டர் இடிக்கும், டிவி உள்ளே போகாது. டெலிவரி ஆள் வாசலில் நிற்கும்போது இதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர். கால்களையும் கவனியுங்கள். இப்போது வரும் டிவிகளில் நடுவில் ஒற்றை ஸ்டாண்ட் அபூர்வம். இரண்டு ஓரத்திலும் கால் இருக்கும், இடைவெளி பெரும்பாலும் மூன்றடிக்கு மேல். மூன்றடி மேசை உதவாது. நியூஸ்பேப்பரை 123க்கு 71 செ.மீ. அளவில் ஒட்டிச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

படி 2: எந்தச் சிக்னல் வருகிறது?

அரசு கேபிள் அல்லது உள்ளூர் கேபிளின் பழைய எஸ்டி பாக்ஸ் வைத்திருந்தால், அதில் வருவது 720க்கு 576 புள்ளி. 4கே திரையில் இருப்பது 3840க்கு 2160. ஒரு புள்ளியை இருபதாக ஊதித்தான் டிவி படம் காட்டியாக வேண்டும். 'புது டிவியில் சீரியல் எல்லாம் மங்கலாத் தெரியுது' என்ற புகாரில் பெரும்பாலும் டிவியின் மேல் குற்றமில்லை. டிவி வாங்கும் முன் எச்டி பாக்ஸுக்கு மாறிக்கொள்ளுங்கள். மாற வழியில்லை, நாளெல்லாம் கேபிள்தான் ஓடும் என்றால் 43 இன்ச்சோடு நின்றுகொள்வது உத்தமம்.

ஓடிடி பார்ப்பவர்களுக்கு இணைய வேகம் முக்கியம். நெட்ஃபிளிக்ஸ் 4கேக்கு விநாடிக்கு 15 மெகாபிட் கேட்கிறது, அதுவும் பிரீமியம் பிளானில்தான் 4கே உண்டு. டிவியின் வைஃபை 5 கிகாஹெர்ட்ஸையும் பிடிக்குமா என்று பாருங்கள். விலை குறைந்த சில மாடல்களில் 2.4 மட்டும்தான். அடுக்குமாடியில் பத்து வீட்டு ரவுட்டர்கள் அந்த அலைவரிசையில் மோதிக்கொள்ளும், படம் சுற்றிச் சுற்றி நிற்கும்.

படி 3: காசு போக வேண்டிய இடம் பேனல்

முதலில் பெயர்க் குழப்பம். எல்இடி டிவி என்பது எல்சிடி திரைதான், பின்னால் வெளிச்சம் தருவது எல்இடி. கியூஎல்இடி என்பதும் அதே எல்சிடிதான். நிறத்தைச் செறிவாக்கும் குவாண்டம் டாட் படலம் ஒன்று கூடுதல். ஓஎல்இடி முற்றிலும் வேறு ஜாதி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும், விலை நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. எழுத்து ஒன்றுபோல இருப்பதால் கியூஎல்இடியை ஓஎல்இடி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். விலை வித்தியாசம் இரண்டு மூன்றாயிரம் என்றால் கியூஎல்இடி எடுக்கலாம், நிறம் உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

எல்சிடியில் இரண்டு வகை: விஏ, ஐபிஎஸ். விஏ பேனலில் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 3000க்கு 1 அல்லது அதற்கு மேல் வரும். கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ்ஸில் கான்ட்ராஸ்ட் சுமார் 1000க்கு 1. பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் இருட்டுக் காட்சி சாம்பல் பூத்துத் தெரியும். இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்கும் வீட்டுக்கு விஏ. நீளமான ஹாலில் ஆளுக்கொரு மூலையில் தரையிலும் கட்டிலிலும் உட்காரும் வீட்டுக்கு ஐபிஎஸ். கடைக்காரருக்கு இது தெரிந்திருக்காது. படத்தைக் கறுப்பில் நிறுத்திவிட்டு ஓரமாகப் போய் நின்று பாருங்கள், எது என்று கண்ணே சொல்லிவிடும்.

எச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் படமுறை. அதன் வகைகளான எச்டிஆர்10, டால்பி விஷன் முத்திரைகளுக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் முத்திரைக்கு அர்த்தம். எச்டிஆர் எடுபட 600 நிட்ஸ் அளவாவது வெளிச்சம் வேண்டும். பட்ஜெட் டிவிகள் பெரும்பாலும் 250 முதல் 350 நிட்ஸுக்குள் நின்றுவிடும். 'மோஷன் 120', 'ரேட் 240' என்பதெல்லாம் மென்பொருள் வித்தை. பேனலின் உண்மையான ரெஃப்ரெஷ் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படும் என்பது) 60 ஹெர்ட்ஸ்தான் இருக்கும், சினிமாவுக்கும் சீரியலுக்கும் அது போதும். பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் மட்டும் 120 ஹெர்ட்ஸ் பேனலும் எச்டிஎம்ஐ 2.1ம் தேட வேண்டும், பட்ஜெட்டும் ஏறும்.

இந்த விலை டிவிகள் பழுதாகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் வாங்கும்போதும் வைத்துக்கொள்ளும்போதும் உதவும். பேனலுக்குப் பின்னால் எல்இடி பட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். சீரியல் செட் விளக்கு மாதிரி ஒன்று போனால் அந்தப் பட்டையே அணைந்துவிடும். சத்தம் வரும், படம் வராது. அல்லது திரையில் ஒரு பகுதி மட்டும் இருட்டும். சில சமயம் எல்இடி மேல் ஒட்டியிருக்கும் சின்ன லென்ஸ் சூட்டில் பசை விட்டு விழும். திரையில் அந்த இடத்தில் வெள்ளை வட்டம் தெரியும். இரண்டுக்கும் காரணம் சூடு, சூட்டுக்குக் காரணம் பேக்லைட்டை நூற்றுக்கு நூறில் ஓட்டுவது. பட்டை மாற்றுவது சில ஆயிரத்தில் முடிகிற வேலை. திரை உடைந்தால் கதையே வேறு: புதுப் பேனலின் விலை பல நேரம் டிவி விலையில் பாதிக்கு மேல், அடிபட்டு உடைந்ததற்கு வாரண்டியும் கிடையாது.

படி 4: மென்பொருளும் துளைகளும்

கூகுள் டிவியா, டைசனா, வெப்ஓஎஸ்ஸா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நாலு வருடத்தில் எதுவும் மந்தமாகும். அப்போது ஓடிடி ஆப்களை ஓட்டும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி எச்டிஎம்ஐ துளையில் செருகினால் தீர்ந்தது. 2 ஜிபி ரேம் இருக்கட்டும், ஸ்டோரேஜ் 16 ஜிபி கிடைத்தால் நல்லது. கேள்விப்படாத பெயரில் 'ஆண்ட்ராய்டு' என்று மட்டும் எழுதி மலிவாக வரும் டிவிகளிடம் மட்டும் கவனம் தேவை. கூகுள் சான்றிதழ் இல்லாத ஆண்ட்ராய்டைப் போட்டிருப்பார்கள், நெட்ஃபிளிக்ஸ் ஓடாது அல்லது தெளிவில்லாமல் ஓடும். கடையிலேயே திறந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

எச்டிஎம்ஐ மூன்று வேண்டும், அதில் ஒன்று டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் ஏஆர்சி அல்லது இஏஆர்சி. சவுண்ட்பார் அதில்தான் போகும். சிவப்பு வெள்ளை மஞ்சள் வயர் போடும் பழைய பாக்ஸ் இருந்தால், புது டிவியில் அந்த மூன்று துளைகளுக்குப் பதில் ஒரே சின்னத் துளை இருக்கலாம். அடாப்டர் பெட்டிக்குள் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: கடையில் என்ன செய்ய வேண்டும்

ஷோரூம் டிவி எல்லாம் ஷாப் மோடில், விவிட் படத்தில், கடைக்காரர்களின் டெமோ வீடியோவோடு ஓடும். எல்லா டிவியும் அதில் அழகுதான். ஒரு பென் டிரைவில் மூன்று துண்டு வீடியோ கொண்டு போங்கள்: இரவுக் காட்சி ஒன்று, கிரிக்கெட் மேட்ச் ஒன்று, உங்கள் வீட்டுத் தரத்திலான பழைய பாட்டு ஒன்று. ரிமோட்டைக் கையில் வாங்கிப் பிக்சர் மோடை 'மூவி' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள். கேமரா பந்தைத் துரத்தும்போது பச்சை மைதானத்தைப் பாருங்கள். அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி செங்குத்தாகக் கறை தெரிந்தால் அந்தப் பேனலின் வெளிச்சம் சீராக இல்லை. இந்த ஒரு சோதனை ஒருமணி நேர விளம்பரப் பேச்சுக்குச் சமம்.

அடுத்து மாடல் எண். சலுகையில் தள்ளுவது பெரும்பாலும் பழைய வருடச் சரக்கு. தெரிந்து வாங்கினால் லாபம், தெரியாமல் வாங்கினால் நஷ்டம். எல்ஜியில் 55க்குப் பின் வரும் யுக்யூ (UQ) 2022, யுஆர் (UR) 2023, யுடி (UT) 2024. சாம்சங்கில் சியு (CU) 2023, டியு (DU) 2024. மற்ற பிராண்டுகளுக்கு, பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள்.

பணம் கட்டும் முன் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு உங்கள் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கு வந்து சர்வீஸ் செய்வார்களா என்று கேளுங்கள். சென்னை, கோவை, மதுரையில் கவலையில்லை. சின்ன ஊரில் இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாயிரம் கூடக் கொடுத்து, பக்கத்தில் சர்வீஸ் சென்டர் உள்ள பிராண்டை எடுப்பது புத்திசாலித்தனம். கூடுதல் வாரண்டி போடுவதென்றால் கம்பெனியே தருவதைப் போடுங்கள்.

விலைக்கு ஆடித் தள்ளுபடி, தீபாவளி, ஜனவரி குடியரசு தினச் சலுகை ஆகிய மூன்றும் நல்ல சமயம். ஆன்லைன் விலையைப் போனில் காட்டினால் பல கடைகள் இறங்கி வரும், மவுண்ட்டையும் சேர்த்துக் கேளுங்கள். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பதில் வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் வரும். சில நூறு ரூபாய் கூடும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: வீட்டுக்கு வந்ததும்

பெட்டியைப் படுக்க வைக்க விடாதீர்கள், நிறுத்தியே கொண்டு வர வேண்டும். பிரிப்பதை முழுதாக வீடியோ எடுங்கள். உடைந்த திரைக்கு அதுதான் சாட்சி. சீரியல் எண் பெட்டியிலும் டிவியிலும் பில்லிலும் ஒன்றா என்று பாருங்கள்.

மாட்டும் உயரத்தில் பலர் தவறு செய்கிறார்கள். திரையின் நடு, தரையிலிருந்து 100 முதல் 110 செ.மீ. உயரத்தில் இருந்தால் கழுத்து வலிக்காது. சுவிட்ச் பாக்ஸ் மேலே இருக்கிறது என்று ஆறடியில் மாட்டாதீர்கள். பின்னால் உள்ள துளைகளின் இடைவெளியை அளந்து அதற்கேற்ற மவுண்ட் வாங்குங்கள். ஸ்க்ரூ பெரும்பாலும் எம்6, சிலதில் எம்8. தேவைக்கு மேல் நீளமான ஸ்க்ரூவை இறுக்கினால் உள்ளே போர்டைக் குத்திவிடும். செங்கல் சுவருக்குச் சாதாரண பிளக் போதும். ஏஏசி பிளாக், ஹாலோ பிளாக் சுவரில் அது கழன்று வரும், அதற்கென்று உள்ள ஆங்கர் போடச் சொல்லுங்கள். 55 இன்ச் டிவி 12 முதல் 17 கிலோ வரை எடை இருக்கும்.

பிறகு செட்டிங்: 'ஹோம்' மோட், 'மூவி' பிக்சர் மோட், பேக்லைட் 50 முதல் 60, ஷார்ப்னஸ் 10க்குள், மோஷன் ஸ்மூத்திங் ஆஃப். ஆரம்பத்தில் மஞ்சளடித்த மாதிரி தெரியும், இரண்டு நாளில் கண் பழகிவிடும். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' போடுங்கள். வெளிப்புற 4கே பாக்ஸில் எச்டிஆர் வரவில்லையென்றால் அந்த எச்டிஎம்ஐ துளையை 'என்ஹான்ஸ்டு' ஆக்க வேண்டும்.

கரண்ட் பில் பெரிதாக ஏறாது. 120 வாட் டிவி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 36 யூனிட்தான். இடி மின்னலில்தான் ஆபத்து. பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் வயரையும் லேன் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாக வந்து எச்டிஎம்ஐ போர்டைச் சாகடிப்பதுதான் அதிகம். துடைக்கக் கண்ணாடி ஸ்ப்ரே வேண்டாம், காய்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

முதல் இரவே விளக்கணைத்து, யூடியூபில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீல முழுத்திரை வீடியோக்களை ஓட்டி, செத்த புள்ளியோ மூலையில் வெளிச்சக் கசிவோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போட்டோ எடுத்து மறுநாளே புகார் கொடுங்கள். மாற்றித் தரும் கெடு கடைக்குக் கடை வேறு, பல இடங்களில் ஏழு அல்லது பத்து நாள்தான். அது முடியும் வரை அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், திருப்பி எடுக்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.