நகயாமா மிகியின் வாழ்க்கைக் குறிப்பு: தேதியும் வயதும் பிசகாமல் எழுத

ஜப்பானின் தென்ரிக்யோ சமயத்தை நிறுவிய நகயாமா மிகியைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் இடறுவது தேதியில்தான். எழுதத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: மூலத்தில் உள்ள தேதி ஒன்றில், இன்றைய தேதி மற்றொன்றில்.

ஆண்டைக் கணக்கிடுவது எளிது. மூலங்களில் ஆண்டு, கன்செய், தென்போ, மெய்ஜி போன்ற ஜப்பானிய சகாப்தப் பெயரோடு எண்ணப்படும். கன்செய் ஆண்டோடு 1788, தென்போ ஆண்டோடு 1829, மெய்ஜி ஆண்டோடு 1867 கூட்டினால் போதும். தென்போ 9 என்றால் 1838.

மாதமும் நாளும் அப்படியல்ல. 1873 ஜனவரி 1 அன்றுதான் ஜப்பான் புதிய நாட்காட்டிக்கு மாறியது. அதுவரை சந்திரனை ஒட்டிய மாதங்கள். அவற்றைப் பழைய, புதிய தேதிகளை ஒப்பிடும் அட்டவணையில் பார்த்தே மாற்ற வேண்டும். மிகி பிறந்த 4ஆம் மாதம் 18ஆம் நாள், 1798 ஜூன் 2. சமயம் தோன்றிய 10ஆம் மாதம் 26, 1838 டிசம்பர் 12. பன்னிரண்டாம் மாதம் வந்தால் ஆண்டையும் சரிபாருங்கள். ஓமோதோ என்ற இன்னொரு ஜப்பானிய சமயத்தை நிறுவிய தெகுச்சி நாவோ பிறந்தது தென்போ 7, 12ஆம் மாதம் 16. கூட்டினால் 1836 வரும். சரியான தேதி 1837 ஜனவரி 22.

1873க்குப் பிறகு இந்தத் தொல்லை இல்லை என்று விட்டுவிடாதீர்கள். மிகியின் மறைவு மெய்ஜி 20, முதல் மாதம் 26 என்று பழைய முறையிலேயே குறிக்கப்படுகிறது. அது 1887 பிப்ரவரி 18. தென்ரிக்யோவின் பெரிய வழிபாடுகள் இன்று ஜனவரி 26, அக்டோபர் 26 தேதிகளில் நடப்பதால், பலர் அதே தேதிகளை வரலாற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். பழைய மாத, நாள் எண்கள் மட்டும்தான் அப்படியே புது நாட்காட்டிக்கு வந்தன; உண்மையான நாள் வேறு.

அடுத்தது வயது. பழைய ஜப்பானியக் கணக்கில் பிறந்தவுடன் வயது ஒன்று. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். நாம் 'எத்தனை நடக்கிறது' என்று கேட்பதைப் போன்றது, ஆனால் பிறந்தநாளுக்காகக் காத்திருக்காது. மிகிக்கு 13 வயதில் திருமணம் என்றால் முடிந்த வயது 12. மறைந்தபோது 90 என்றால், முடிந்தது 88.

அதற்காக 90ஐ அடித்துவிட்டு 88 என்று மட்டும் எழுதுவது பெரிய தவறு. மனிதருக்கு உரிய ஆயுள் 115 என்றும், தம் பிள்ளைகளாகக் கருதிய மனிதர்களுக்காக மிகி அதில் 25 ஆண்டுகளைக் குறைத்துக்கொண்டார் என்றும் அடியார்கள் நம்புகிறார்கள். 115இல் 25 போனால் 90. 88 என்று திருத்தினால் அந்த நம்பிக்கையே வாசகருக்குப் புரியாமல் போகும். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்: '90 (ஜப்பானியக் கணக்கு, முடிந்த வயது 88)'.