பிளிமத் ஜின்: மூன்று பாட்டில்களை எப்படிக் கையாள்வது?

இங்கிலாந்தின் தென்மேற்கே பிளிமத் துறைமுக நகரில், பிளாக் ஃப்ரையர்ஸ் வடிசாலையில் 1793 முதல் தயாராகிவரும் பிளிமத் ஜின் (ஜின் என்பது ஜூனிபர் காயின் மணமேற்றி வடித்த மது), இன்று முக்கியமாக மூன்று வகைகளில் கிடைக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றிக்கொள்ளலாம் என்று எண்ணிவிடக் கூடாது. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது லேபிளில் உள்ள ஆல்கஹால் அளவு: அசல் வகையில் 41.2 சதவீதம், நேவி ஸ்ட்ரெங்த்தில் 57, ஸ்லோ ஜின்னில் 26.

புதிதாகத் தொடங்குபவர் அசல் வகையை வாங்குவதே நல்லது. ஜூனிபர் காய், கொத்தமல்லி விதை, ஏலக்காய், ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல், ஏஞ்சலிகா வேர், ஓரிஸ் வேர் ஆகிய ஏழும் சேர்த்து வடிக்கப்படும் இதில், லண்டன் டிரை வகை ஜின்களைக் காட்டிலும் ஜூனிபரின் வேகம் சற்று அடங்கியிருக்கும். முதலில் 20 மில்லியுடன் அதே அளவு தண்ணீர் சேர்த்து முகர்ந்து பாருங்கள். நெடி தணிந்தபின் மேலெழும் மணங்களில் இரண்டு, அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பழகியவர்களுக்கு உடனே பிடிபடும்.

டானிக் வாட்டருடன் (குயினைன் கலந்த, கசப்பான சோடா) கலப்பதாயின், உயரமான கண்ணாடி டம்ளரை விளிம்பு வரை பெரிய ஐஸ் கட்டிகளால் நிரப்பி, 50 மில்லி ஜின்னும் குளிரவைத்த 150 மில்லி டானிக்கும் ஊற்றி, ஒரே ஒரு முறை மெதுவாகக் கிளறினால் போதும். பெரிய பாட்டில் டானிக் திறந்த மறுநாளே வாயு இறங்கிவிடும் என்பதால் சிறிய பாட்டில்களே சிக்கனம். எலுமிச்சையைப் பிழிய வேண்டாம். புளிப்பு ஏறினால் ஏலக்காய் மணம் மறைந்துவிடும். தோலை மட்டும், வெள்ளைப் பகுதி ஒட்டாமல் மெல்லியதாகச் சீவி, அதன் வெளிப்புறம் டம்ளரைப் பார்க்கும்படி பிடித்து முறுக்கினால், பொடிப்பொடியான எண்ணெய்த் துளிகள் பானத்தின் மேல் மிதப்பது கண்ணுக்கே தெரியும்.

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளின் பானமாகப் பெயர்பெற்ற பிங்க் ஜின் இதைவிட எளிது. குளிர்ந்த கிளாசில் அங்கோஸ்துரா பிட்டர்ஸ் என்னும் கசப்பு மணச்சாற்றை இரண்டு மூன்று சொட்டு விட்டுச் சுழற்றி, மிச்சத்தைக் கொட்டிவிட்டு, ஃப்ரீசரில் வைத்த ஜின்னை 50 மில்லி ஊற்ற வேண்டும். இது ஜின்னை மறைக்காத பானம். மட்டமான ஜின்னில் செய்தால் அந்த மட்டமும் அப்படியே தெரியும்.

நேவி ஸ்ட்ரெங்த் பாட்டிலில் கை நிதானமாக இருக்க வேண்டும். வெடிமருந்தின் மேல் சிந்தினாலும் அது பற்றிக்கொள்ளும் அளவு வீரியம் கடற்படைக்குத் தேவைப்பட்டது என்று இதற்கு ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, இதில் 35 மில்லி ஊற்றினாலே அசல் வகையின் 50 மில்லிக்கு ஏறக்குறைய ஈடான ஆல்கஹால் உள்ளே போய்விடும். ஆகவே இனிப்பும் புளிப்பும் கலந்த லைம் கார்டியலுடன் ஜின் இரண்டுக்குக் கார்டியல் ஒன்று என்ற விகிதத்தில் ஐஸில் குலுக்கி வடிகட்டும் கிம்லெட் என்னும் கலவைப் பானத்துக்கு இதுவே பொருத்தம். அசல் வகை அந்த இனிப்பில் அமுங்கிவிடும்.

ஸ்லோ ஜின் வேறு இனம். ஸ்லோ என்னும் சிறிய துவர்ப்புக் கருநீலப் பழங்களை ஜின்னில் ஊறவைத்துச் சர்க்கரை சேர்த்துச் செய்யும் இதைச் சிறு கிளாசில் அப்படியே அருந்தலாம். அல்லது இதன் 50 மில்லியுடன் 25 மில்லி எலுமிச்சைச் சாறு சேர்த்து, ஐஸ் இட்டு, சோடாவால் நிரப்பலாம். பழச்சாறும் சர்க்கரையும் கொண்டது என்பதால், திறந்த பாட்டிலை வெளிச்சம் படாத இடத்தில் வைத்துச் சில மாதங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். மற்ற இரண்டுக்கும் அந்த அவசரம் இல்லை.