கடைசி விசிலுக்கு முன்பே செய்தி

கோவில்பட்டி ஹாக்கி மைதானத்தில் கடைசி விசில் ஊதும்போது உங்கள் செய்தியில் முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும். ஆட்டம் 15 நிமிடமாக 4 பகுதி. ஒவ்வொரு இடைவேளையிலும் ஒரு பத்தியை செல்போனில் அடித்துவிடுங்கள், முடிவைச் சொல்லும் செய்தியின் முதல் வரியை மட்டும் காலியாக விடுங்கள். கோல் விழுந்ததும் நோட்டில் நிமிடம், ஜெர்சி எண், பெனால்டி கார்னரா (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் வாய்ப்பு) ஃபீல்டு கோலா (ஆட்டத்தின் ஓட்டத்தில் விழுந்தது), அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசும் அண்ணாச்சிக்குக் காதைக் கொடுங்கள், கண்ணைக் கொடுக்காதீர்கள்.

பெயர்களை ஆட்டத்துக்கு முன்பே டீம் மேனேஜரிடம் இனிஷியலோடு சரிபாருங்கள். ஒரே அணியில் 2 இசக்கிமுத்து இருப்பது நம்மூரில் சகஜம்! 'அனல் பறந்தது' எல்லாம் எனக்குப் பிடிக்காது. யார் அடித்தார், எப்படி அடித்தார், அது போதும்.

அப்புறம், 4-வது பகுதியிலும் சமநிலை என்றால் இரண்டு அணிக்கும் தனித்தனி முதல் வரி எழுதி வையுங்கள். ஷூட்-அவுட் (கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு ஒவ்வொருவராக கோல் அடிக்க முயலும் சுற்று) முடிந்ததும் ஒன்றை அழித்துவிட்டு அனுப்பிவிடலாம்.