நெறி கட்டினால் வெட்டிப் பார்க்க வேண்டுமா?

கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நான்கு வயது மகளுக்குத் தலை பின்னும்போது அவளுடைய இடது தாடைக்குக் கீழே சிறு நெல்லிக்காய் போல ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. நிணநீர்ச் சுரப்பி இப்படி வீங்குவதைத்தான் நெறி கட்டுவது என்கிறோம். அன்று இரவு நான் கண் மூடவில்லை. அப்படி விழித்துக் கிடக்கும் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன். பயாப்ஸி, அதாவது கட்டியை வெட்டியோ ஊசியாலோ எடுத்துச் சோதிப்பது, வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். ஆனால் அவருக்குத் தேவையான செய்திகளில் பாதி நம் கையில் இருக்கிறது.

தினமும் அழுத்திப் பார்க்காதீர்கள். குழந்தைக்கு வலிக்கும், நமக்கும் ஒன்றும் விளங்காது. வாரத்துக்கு ஒருநாள், குழந்தை அயர்ந்து தூங்கும்போது பாருங்கள். அப்போது கழுத்துத் தசை தளர்ந்திருக்கும். டேப்பைக் கட்டியின்மேல் வளைத்துப் போட்டால் அளவு கூடுதலாக வரும். துணியில் சாக் கோடு போடுவதுபோல, கட்டியின் இரு ஓரத்திலும் பேனாவால் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி ஸ்கேலை நேராகப் பிடித்து அளப்பேன். என் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது: 2.2 செ.மீ., 2, 2, 1.6, 1.4, ஆறாம் வாரம் 1.1. மூன்றாம் வாரம் குறையவில்லையே என்று பதறி ஓடினேன். “வளரவும் இல்லையே அம்மா” என்றார் குழந்தை மருத்துவர். அந்த நோட்டு இல்லாவிட்டால் அவருக்கும் அது தெரிந்திருக்காது.

அளக்கும்போதே காரணத்தையும் தேடுங்கள். தலையில் பேன், சிரங்கு, காதில் சீழ், தொண்டைப் புண், சொத்தைப்பல் எதுவானாலும் அதை ஒட்டிய இடத்தில் நெறி கட்டும். என் மகளுக்குக் கடைவாய்ப்பல் சொத்தை. பல்லைச் சரிசெய்த பிறகுதான் கட்டி வற்றத் தொடங்கியது. கைக்குழந்தைக்கு இடது அக்குளில் வந்தால், பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அதனாலும் அங்கே நெறி கட்டலாம். மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட வந்தார். வேண்டாம் அத்தை என்று தடுத்துவிட்டேன். பிஞ்சுத் தோல் வெந்துவிடும், கட்டி சிவந்திருக்கிறதா என்பதும் தெரியாமல் போய்விடும். சிவந்து, சூடாகி, தொட்டால் குழந்தை அலறினால் அது பெரும்பாலும் சீழ்க்கட்டி, அன்றே காட்டுங்கள்.

அளவைவிட இடம் பெரிது. சிறு குழந்தைகளின் கழுத்தில் 1 செ.மீ. வரையிலும், தொடை இடுக்கில் 1.5 செ.மீ. வரையிலும் நெறி தென்படுவது சாதாரணம். காறை எலும்புக்கு (காலர் எலும்பு) மேலே உள்ள குழியில் வந்தால் பட்டாணி அளவு இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. நெஞ்சுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ உள்ள நோய் அங்கே தலைகாட்டலாம். மற்ற இடங்களில், 2 செ.மீ.க்கு மேல் இருந்து நான்கு முதல் ஆறு வாரத்தில் வற்றாதது, வாரத்துக்கு வாரம் வளர்வது, வலியே இல்லாமல் கல்போல் இறுகி நகராமல் இருப்பது, பல கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது ஆகியவை பயாப்ஸி பற்றிப் பேச வேண்டிய அறிகுறிகள். விடாத காய்ச்சல், எடை குறைவு, இரவில் சட்டை நனையும் வியர்வை, வெளிறிய முகம், காரணமில்லாத கன்றல், கால் எலும்பு வலி ஆகியவை சேர்ந்தால் ஆறு வாரக் கணக்கையெல்லாம் பார்க்காதீர்கள். மூச்சுத் திணறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கத்திக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, ஸ்கேன், காசநோய்க்கான மாண்டூ (Mantoux) ஊசி ஆகியவற்றைச் செய்வார்கள். மாண்டூ போட்ட இடத்தை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காட்ட வேண்டும். தள்ளிப்போட்டால் அந்தச் சோதனை வீண். நோய் இன்னதென்று தெரியும் முன்பு யாராவது ஸ்டீராய்டு எழுதினால் ஏன் என்று கேளுங்கள். ரத்தப் புற்றுநோயோ நிணநீர்ப் புற்றுநோயோ இருந்தால், அந்த மருந்தில் கட்டி சுருங்கி நோய் மறைந்துகொள்ளும்.

என் தங்கை மகனுக்குக் காறை எலும்புக்கு மேலேதான் வந்தது. இம்முறை நானே காத்திருக்க விடவில்லை. கட்டியை முழுதாக எடுத்தார்கள், ஆனால் எடுத்ததை அப்படியே, திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டார்கள். ஃபார்மலினில் கிருமி செத்துவிடும். திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம், கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. காசநோய்போலத் தெரிகிறது என்று ரிப்போர்ட் வந்தது. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்று அறிய, பக்கத்துக் கட்டியில் மறுபடி ஊசி குத்தித் திசு எடுத்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளையை இரண்டாவது முறை நான்தான் மடியில் பிடித்துக்கொண்டேன். அவன் என் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதான். அரசு தரும் இலவச மாத்திரையை ஆறு மாதம் தவறாமல் கொடுத்தோம். இப்போது நன்றாக இருக்கிறான்.

எனவே அறுவை அரங்கத்துக்குள் குழந்தையை வாங்கிக்கொள்ளும்போது டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: “எடுப்பதில் ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல், சலைன் பாட்டிலில் காசநோய்ச் சோதனைக்கு அனுப்புகிறீர்களா?”